டீ மேல் செய்த சத்தியம்

காலை ஏழரை மணிக்கு எங்கள் கம்பெனி பஸ் இரும்புலியூரைத் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் ஊர்ந்துகொண்டிருக்கும். பஸ்ஸில் பாதிப் பேர் தூங்குவார்கள். மீதிப் பேர், பக்கத்து சீட்டுக்காரர் பேச்சுக் கொடுத்துவிடக் கூடாதே என்று கண்ணை மூடியிருப்பார்கள். நான் மட்டும் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, திரையில் சுற்றும் வட்டத்தை முறைத்துக்கொண்டிருப்பேன். அந்த நேரத்தில்தான் எங்கள் ஆட்டத்தின் அன்றைய முடிவு வெளியாகும். வண்டலூர் வருவதற்குள் நான் ஒரு ஊரைப் பிடித்திருப்பேன், இல்லையென்றால் ஒன்றைத் தொலைத்திருப்பேன்.

பஸ் டிரைவர் கண்ணாடியில் இதைக் கவனித்துவிட்டார்.

"இன்னாக்கா, டெய்லி போனையே மொறச்சிகினு வர? வூட்ல எதுனா பேஜாரா?"

"மதுரைல கொஞ்சம் பிரச்சினைண்ணா," என்றேன், யோசிக்காமல்.

எனக்கு மதுரையில் சொத்துத் தகராறு என்று அவர் முடிவு செய்துகொண்டார். அதன்பிறகு ஏறும்போதெல்லாம் "மதுர இன்னா ஆச்சு?" என்று அக்கறையாக விசாரிப்பார். நானும் "கைவிட்டுப் போகலண்ணா" என்பேன். நான் பாண்டிய நாட்டை ஆள்கிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

விஷயம் இதுதான். நாங்கள் நான்கு பேர் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். எல்லோருக்கும் நாற்பதைத் தொடும் வயது. கனடாவில் இருப்பவன்தான் இந்த இணையதளத்தைக் கண்டுபிடித்தான். திரையில் தென்னிந்தியாவின் பழைய வரைபடம் விரியும். அவன் சாளுக்கியன். சானடோரியம் ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் தோழி சேர நாடு. கோவிலம்பாக்கத்தில் குடியிருந்து பெருங்குடிக்கு ஆபீஸ் போகும் நண்பன் சோழன். தாம்பரத்தில் குடியிருக்கும் நான் பாண்டியன்.

விதி எளிது. ஒவ்வொரு படையும் ஒரு நாளில் பக்கத்து ஊருக்கு நகரலாம், அல்லது இன்னொரு படை நகர உதவலாம். காலியாகக் கிடக்கும் ஊருக்குள் ஒரு படை தனியாகவே நுழைந்துவிடலாம். எதிரிப் படை நிற்கும் ஊரைப் பிடிக்க உதவி இருந்தே ஆக வேண்டும். அதனால் பகல் முழுக்கத் தனித்தனியாகப் பேரம் பேசிவிட்டு, மறுநாள் காலைக்குள் நான்கு பேரும் ரகசியமாக உத்தரவு எழுதி வைப்போம். ஏழரைக்கு எல்லா உத்தரவும் ஒன்றாகத் திறக்கும். யார் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள், யார் கழுத்தறுத்தார்கள் என்பது அப்போதுதான் தெரியும். ஒரு ஆட்டம் முடிய ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும்.

பொய் சொல்லலாம். ஆட்டமே அதுதான். ஆனால் எங்களுக்குள் ஒரே ஒரு வழக்கம் இருந்தது. கல்லூரி வாசல் டீக்கடையில் சண்டை எதுவானாலும் "ரெண்டு டீய மூணா போடுங்கண்ணா" என்று சொல்லிப் பகிர்ந்து குடித்துவிட்டால் அத்தோடு சமாதானம். அதை அப்படியே ஆட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டோம். ஒப்பந்தம் பேசியதும் ஒருவர் தான் குடிக்கும் டீயைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும், மற்றவர் தன் டீயை அனுப்ப வேண்டும். வாயால் சொன்னது ஆயிரம் இருக்கட்டும், டீ மேல் சொன்னதை அந்த ஒரு நாளாவது மீறக் கூடாது. நான்கு ஆட்டம் ஆடியிருந்தோம், யாரும் மீறியதில்லை.

எனக்கு இந்த ஆட்டம் ஒத்துக்கொள்ளவில்லை என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஜெயிப்பேன், அது வேறு. ஆனால் ஒரு இடத்தில் உட்கார முடியாது. தோசையைக் கல்லில் போட்டுவிட்டு ஹாலுக்குப் போய் போனைப் பார்ப்பேன். தோசை கருகும். துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனால் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சேர நாட்டுக்குப் பதில் எழுதிக்கொண்டிருப்பேன். "மகாராணி, ராஜ்யத்துல உப்பு தீர்ந்துபோச்சு," என்பார் கணவர். அவருக்கு என்ன, அவர் கிரிக்கெட் பார்க்கிறவர். அதில் தோற்றால் திட்ட பதினோரு பேர் இருக்கிறார்கள்.

என் வேலையும் சேர்ந்துகொண்டது. மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். பெட்டி பெட்டியாக வரும் பாகங்களில் மயிரிழை விரிசல் எங்கே என்று தேடுவதற்குத்தான் சம்பளம். பதினைந்து வருடம் இதைச் செய்தவளுக்கு விரிசல் இல்லாத பொருளைப் பார்த்தால்தான் சந்தேகம் வரும்.

சோழ நண்பன் நேர் எதிர். எங்கள் நான்கு பேரில் சொன்ன சொல்லைக் காப்பாற்றியே தோற்பவன் அவன்தான். அவன் அனுப்பும் ஓலைகளுக்காகவே அவனோடு கூட்டு வைத்துக்கொள்ளலாம். "பாண்டிய மாமன்னருக்குச் சோழன் எழுதிக்கொள்வது. எல்லையில் அமைதி. கோவிலம்பாக்கத்தில் மூன்று நாளாகத் தண்ணி லாரி வரவில்லை. மகளுக்குப் பல் விழுந்துவிட்டது, அரண்மனையில் துக்கம்." இப்படி ஒரு முழ நீளத்துக்கு எழுதுவான்.

ஐந்தாவது ஆட்டத்தின் நடுவில் ஓலைகள் சுருங்கின. "சரி." "பண்ணிடலாம்." "அப்புறம் பேசறேன்." அவ்வளவுதான். காலை பத்து மணிக்கு வரும் பதில் மதியம் மூன்றுக்கு வந்தது. ஒருநாள் வரவே இல்லை. வேறு எந்த மனுஷியாக இருந்தாலும் 'இவனுக்கு என்ன ஆச்சு' என்று நினைத்திருப்பாள். 'இவன் யாரோடு பேசுகிறான்' என்று நினைத்தேன் நான்.

ஒரு செவ்வாய்க்கிழமை பெரிய திட்டம் ஒன்று பேசினோம். நான் திண்டுக்கல்லில் இருந்து சேரர்களின் பாலக்காட்டின் மேல் பாய வேண்டும். கரூரில் நிற்கும் அவனுடைய படை எனக்கு உதவும். மற்ற படைகளை எல்லாம் அவன் சாளுக்கியனுக்கு எதிராக வடக்கே அனுப்புவான். அப்படி அனுப்பினால் தஞ்சாவூரும் திருச்சியும் காலி. என் படை ஒன்று புதுக்கோட்டையில் நின்றது, இன்னொன்று அதற்குப் பக்கத்தில். நான் நினைத்தால் இரண்டு ஊருக்குள்ளும் நடந்தே போகலாம். அதனால் டீ வேண்டும் என்றான். கேன்டீனில் என் டீயைப் படம் எடுத்து அனுப்பினேன். பதினொன்றரைக்கு அவன் டீ வந்தது.

அவன் டீ எப்போதும் ஒரே மாதிரி இருக்கும். ஆபீஸ் இயந்திரத்தில் பிடித்த காகிதக் கப், பின்னால் கீபோர்டு. இந்தப் படத்தில் கண்ணாடி கிளாஸ். ரோட்டோரக் கட்டைச் சுவர். கிளாஸ் ஓரமாக இருந்தது, படத்தின் பாதியைப் பின்னணி அடைத்திருந்தது. விரலால் இழுத்துப் பெரிதாக்கினேன். ஒரு மஞ்சள் போர்டின் முனை. அதில் கறுப்பு எழுத்தில் 'ரியம்'.

சானடோரியம். வேலை நாளில், பதினொன்றரை மணிக்கு, பெருங்குடியில் இருக்க வேண்டியவன் அங்கே என்ன செய்கிறான்? அங்கே யார் இருக்கிறார்கள்? சேர நாடு இருக்கிறது.

அந்த வழியாகத்தான் நான் எத்தனை வருடம் ரயிலில் போயிருக்கிறேன். ஆனாலும் எனக்கு சானடோரியம் என்றால் தாம்பரத்துக்கு முந்தின ஸ்டேஷன், என் தோழியின் ஆபீஸ், அவ்வளவுதான். அந்த ஊருக்குப் பெயர் கொடுத்த ஆஸ்பத்திரி ஒன்று அங்கேயே இருக்கிறது என்பது மனதில் எங்கும் எட்டிப் பார்க்கவில்லை.

சாப்பாட்டு இடைவேளை முழுக்க அந்தப் படத்தையே பார்த்தேன். சோறு பிசைந்த கை காய்ந்தது. பிறகு தோழிக்கு எழுதினேன்: "இன்னைக்கு நம்ம ஆளுங்க யாரையாவது பார்த்தியா?"

உடனே பதில் வந்தது. "இல்லையே. ஏன்?"

இரண்டு நொடிதான். ஒரு செய்திக்கு இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்பவள் இரண்டு நொடியில் மறுக்கிறாள். விரிசலைக் கண்டுபிடித்துவிட்டேன். அவள் பொய் சொல்கிறாள் என்பது எனக்குச் சந்தேகமே இல்லாமல் தெரிந்தது. அதில் நான் தவறவில்லை. அவள் பொய்தான் சொன்னாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் நடையாய் நடந்தேன். ஹாலில் இருந்து பால்கனி, பால்கனியில் இருந்து ஹால். கணவரிடம் படத்தைக் காட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.

"டீ நல்லாத்தான் இருக்கு. ஆடை கூடக் கட்டல."

"போர்டைப் பாருங்க. ரெண்டு பேரும் சேந்துட்டாங்க. நான் பாலக்காட்டுக்குப் போனதும் பின்னாடி வந்து மதுரையைப் பிடிப்பாங்க."

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்," என்றார். "ஏம்மா, அவனையே கேட்டுத் தொலையேன்."

எதிரியிடமே போய் 'நீ எதிரியா' என்று கேட்கிற பாண்டியன் எந்த ஊரில் இருக்கிறான் என்று அவரிடம் எரிந்து விழுந்தேன்.

மறுநாள் ஏழு இருபதுக்கு, பஸ் ஸ்டாப்பில் நின்றபடி உத்தரவை மாற்றினேன். பாலக்காடு வேண்டாம். ஒரு படை தஞ்சாவூருக்கு, ஒரு படை திருச்சிக்கு. டீயை மீறுகிறோம் என்பது தெரியாமல் இல்லை. அவன் முதலில் மீறிவிட்டான், நான் முந்திக்கொள்கிறேன் என்று சொல்லிக்கொண்டேன்.

ஏழரைக்கு வட்டம் சுற்றி முடித்தது. தஞ்சாவூர் என் நிறத்துக்கு மாறியது. திருச்சியும் மாறியது. சந்தோஷமாகத்தான் இருந்தது, இப்போது இல்லை என்று சொன்னால் அது பொய். அதன் பிறகுதான் கீழே இருந்த உத்தரவுப் பட்டியலைப் படித்தேன். சோழன், கரூர்ப் படை: பாலக்காடு செல்லும் பாண்டியப் படைக்கு உதவி. மற்ற படைகள் எல்லாம் சொன்னபடியே வடக்கே போயிருந்தன. போகாத என் படைக்கு அவன் உதவி அனுப்பியிருந்தான். சேர நாட்டு உத்தரவிலும் அவனோடு கூட்டு என்பதற்கான அறிகுறி ஒன்றுகூட இல்லை.

"மதுர இன்னாக்கா ஆச்சு?" என்றார் டிரைவர்.

"ஒண்ணும் ஆகலண்ணா," என்றேன்.

எங்கள் ஆட்டத்தில் முதுகில் குத்தினால் வசவு மழை பொழியும். அது ஒரு மரியாதை. அவனிடமிருந்து ஒரு எழுத்துக்கூட வரவில்லை. கனடாக்காரன்தான் குதித்தான்: "செம்ம மச்சான்! காஞ்சிபுரம் எனக்கு, மிச்சம் உனக்கு." ஊரைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். விதியில் அதற்கு இடம் இருக்கிறது. ஆனால் தலைக்கு மேல் போன பின் சாண் என்ன, முழம் என்ன என்று தொடர்ந்தேன். அவன் தினமும் ஒழுங்காக உத்தரவு எழுதினான், தினமும் ஒரு ஊரை இழந்தான். நான்காம் நாள் நாகப்பட்டினம் மட்டும் மிச்சம் இருந்தது. ஐந்தாம் நாள் அதுவும் போய், அவன் பெயர் திரையில் சாம்பல் நிறமானது.

அன்றே தோழி போன் செய்தாள். ஹலோ கூடச் சொல்லவில்லை.

"டீ மேல சொல்லிட்டு எப்படிடி மனசு வந்துச்சு உனக்கு?"

"நீங்க ரெண்டு பேரும் சேந்துட்டீங்கன்னு நெனச்சேன். அவன் சானடோரியம் வந்திருந்தான். நீ பாக்கலேன்னு பொய் சொன்ன."

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அடிப்பாவி. அவன் என்னைப் பாக்க வரல. ஆஸ்பத்திரிக்கு வந்தான். மாஸ்க் போட்டுக்கிட்டு, கையில எக்ஸ்ரே கவரோட ஸ்டேஷன் வாசல்ல நின்னான், நான்தான் எதேச்சையாப் பாத்தேன். டி.பி. வந்திருக்குடி அவனுக்கு. யார்கிட்டயும் சொல்லாதேன்னு கெஞ்சினான். ரெண்டு மாசமா இருமலும் காய்ச்சலுமா இருந்திருக்கான், ஆபீஸ்ல யாருக்கும் தெரியாது. இப்ப மாடி ரூம்ல தனியா இருக்கான். பொண்ணு கீழ இருந்து வீடியோ கால்ல பேசுது. அஞ்சு நாளா அங்க உக்காந்துக்கிட்டு அவன் பாத்ததெல்லாம் நீ அவன் ஊரை ஒண்ணொண்ணாப் பிடிச்சதைத்தான்."

என் மேல் எனக்கு வந்த கோபத்தில் கையில் இருந்த கரண்டியைத் தொட்டியில் எறிந்தேன். அது பட்டு ஒரு தட்டு நெளிந்தது.

அதன் பிறகு தும்பை விட்டு வாலைப் பிடிக்கும் வேலைதான். இணையதளத்துக்கு எழுதி, ஆட்டத்தை ஐந்து நாள் பின்னால் கொண்டுபோக முடியுமா என்று கேட்டேன். முடியாது என்று ஒரு வரியில் பதில் வந்தது. கனடாக்காரனிடம் எல்லாவற்றையும் கலைத்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கலாம் என்றேன். "ஜெயிக்கற நேரத்துல உனக்கு என்ன வந்துது?" என்றான். காரணத்தைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, அந்த ரகசியம் என்னுடையது அல்ல. நான் உத்தரவு எழுதுவதை நிறுத்தினேன். சாளுக்கியன் கன்னியாகுமரி வரை வந்தான். வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

நண்பனுக்குத் தினமும் போன் செய்தேன். எடுக்கவில்லை. அனுப்பிய செய்திகளை எல்லாம் அவன் படித்துவிட்டான் என்பது தெரிந்தது. பதில் இல்லை. முதல் சில வாரம் வெளியாட்கள் வர வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருப்பதாகத் தோழி சொன்னாள். அந்த வாரங்களில் நான் வீட்டில் என்ன சமைத்தேன், கம்பெனியில் எத்தனை பெட்டியைத் திருப்பி அனுப்பினேன் என்று எதுவும் நினைவில்லை. பஸ்ஸில் ஏழரை மணிக்குப் பழக்கதோஷத்தில் போனை எடுப்பேன். பார்க்க எதுவும் இருக்காது. அவன் எண்ணை அழைப்பேன், மணி அடித்து ஓயும் வரை காதில் வைத்திருப்பேன்.

ஒரு மாதம் ஆனதும் கேட்காமலே கிளம்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை, ஸ்கூட்டரில். மேடவாக்கத்தில் மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்ட ரோட்டில் அரை மணி நேரம் மாட்டிக்கொண்டேன். முன்னால் நின்ற வேன்காரனிடம் காரணமே இல்லாமல் சண்டை போட்டேன். பழமா, பிஸ்கட்டா என்று தெரியாமல் இரண்டையும் வாங்கியிருந்தேன்.

அவன் மனைவி கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மாறவில்லை. எங்கள் போர் அவள் வரை போகவில்லை என்று புரிந்தது. "மாடிலதான் இருக்காரு, போங்கக்கா. இப்ப பயமில்ல, ஆனாலும் அவருதான் யாரையும் கிட்ட விட மாட்டேங்கறாரு," என்றாள்.

வெளிப்பக்க மாடிப்படியின் உச்சியில் மாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தான். சட்டை அவன் அண்ணனுடையது போலத் தொங்கியது. நான் பாதிப் படியில் நிற்கும்போதே கையைக் காட்டி நிறுத்தினான். பையை அங்கேயே வைத்தேன்.

"வாங்க பாண்டிய மாமன்னரே. தஞ்சாவூர்ல எல்லாரும் சௌக்கியமா?"

சிரித்திருக்க வேண்டும். எனக்கு அழுகை வந்துவிட்டது. வழியெல்லாம் தயார் செய்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் கொட்டினேன். ஓலை சுருங்கியது, பதில் தாமதமானது, படம், போர்டு, தோழி இரண்டு நொடியில் சொன்ன பொய், எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல எனக்கே தெரிந்தது, நான் மன்னிப்புக் கேட்கவில்லை, என் தர்க்கம் எவ்வளவு சரி என்று நிரூபித்துக்கொண்டிருக்கிறேன். இருந்தும் நிறுத்த முடியவில்லை. அவன் குறுக்கிடாமல் கேட்டான்.

"அந்த போட்டோவை எவ்வளவு நேரம் பாத்த?"

"அரை மணி நேரம் இருக்கும்."

"அரை மணி நேரம்." தலையை ஆட்டினான். "அன்னைக்குத்தான் ரிசல்ட் குடுத்தாங்க. வெளிய வந்தேன். யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல. வீட்டுக்குப் போன் பண்ண தைரியம் வரல. அப்ப உன்னோட டீ வந்துச்சு. நானும் ஒண்ணு வாங்கினேன். கிளாஸை மட்டும் எடுத்து அனுப்பியிருக்கலாம். போர்டு தெரியற மாதிரி தள்ளி நின்னு எடுத்தேன்."

எனக்கு உடனே புரியவில்லை.

"நீதான் எதையும் பெருசாக்கிப் பாக்கற ஆளாச்சே. பாத்துட்டு, 'சானடோரியத்துல என்னடா பண்ற'ன்னு கேப்பன்னு நெனச்சேன். கேட்டா சொல்லிடலாம்னு அந்தக் கட்டைச் சுவத்துலயே ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன்."

கீழே ஒரு தண்ணீர் லாரி வந்து நின்றது. யாரோ குடம் குடமாக எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. மன்னிச்சிடு என்று சொன்னேன். அவன் காதில் விழுந்ததா தெரியவில்லை.

"மாத்திரை எத்தனை நாள்?" என்று கேட்டேன். அந்த ஒரு மாதத்தில் நான் அவனைக் கேட்ட முதல் உருப்படியான கேள்வி அதுதான்.

"ஆறு மாசம். ஒண்ணு முடிஞ்சுது."

மிச்சம் ஐந்து மாதம். மனசு நிற்காமல் கணக்குப் போட்டுவிட்டது, வாயும் சும்மா இருக்கவில்லை.

"அஞ்சு மாசத்துல ரெண்டு ஆட்டம் ஆடலாம். நீ எந்த நாடு வேணா எடுத்துக்கோ."

"உன்கூடயா?" என்றான்.

மாஸ்க்குக்கு மேலே அவன் கண்களைப் பார்த்தபடி, சிரிக்கப்போகிறான் என்று காத்துக்கொண்டு நின்றேன். அவன் சிரிக்கவில்லை.